தாளத்துல அடிச்சா எதிராளிக்கும் தெரிஞ்சிடுமே?



இந்த வார எபிசோடுல ரிதம் கேமையும் ஃபைட்டிங் கேமையும் ஒண்ணா கலக்கறதைப் பத்திப் பேசினோம். கணக்கு வந்த இடத்துல எல்லாம் "இது நியூஸ்லெட்டர்ல வரும்"னு சொல்லித் தள்ளிவிட்டேன். 287-ல வண்டி ஓட்டிட்டிருக்கிற ஆளை 3600-ஐ 90-ஆல் வகுக்கச் சொல்றது பாவம். அந்தக் கணக்குப் பகுதிதான் இது. ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல இருந்தா நல்லது.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். ஃபைட்டிங் கேம்ல உங்க கையில இருக்கிற பெரிய ஆயுதம், நீங்க எப்போ அடிப்பீங்கன்னு எதிராளிக்குத் தெரியாதுங்கறது. ரிதம் கேம்ல எப்போ அடிக்கணும்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்; பாட்டே சொல்லிடும். இது ரெண்டையும் ஒட்டினா, ரெண்டு பேரும் பீட்டுலதான் அடிப்பாங்க, ரெண்டு பேருக்கும் அது தெரியும், ரெண்டு பேரும் அதே நொடியில தடுத்துடுவாங்க. அப்புறம் எதுக்கு சண்டை? கும்மி அடிச்சுட்டுப் போகலாம்.

ஃபைட்டிங் கேம்ல நேரத்தை ஃபிரேம்ல எண்ணுவாங்க. ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம், ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. ஒவ்வொரு அடிக்கும் மூணு கட்டம் உண்டு: கை கிளம்புற நேரம், அடி படுற நேரம், கை திரும்பி வர்ற நேரம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ரியூவோட லேசான குத்து நாலாவது ஃபிரேம்லயே பட்டுடும், அதாவது சுமார் 67 மில்லிவிநாடி. மனுஷன் கண்ணால பார்த்து விரல் அசைக்க 200-லிருந்து 250 மில்லிவிநாடி ஆகும். அதனால அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலயும் முடியாது, ஊகிக்கத்தான் முடியும். சண்டையோட சுவாரஸ்யமே அந்த ஊகத்துலதான் இருக்கு.

ஆனா ஃபைட்டிங் கேமுக்குள்ள தாளம் ஆரம்பத்துலயே புகுந்துடுச்சு. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் காம்போங்கறது யாரும் திட்டம் போட்டு வெச்சதில்லை. காரை உடைக்கிற போனஸ் கட்டத்தைச் சோதிக்கும்போது, சரியான இடைவெளியில பட்டன் தட்டினா ஒரு அடியோட இன்னொரு அடி ஒட்டிக்குதுன்னு கவனிச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டதுதான். 2004 ஈவோ போட்டியில டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங் ஆட்டம் பார்த்திருப்பீங்க. பார்க்கலைன்னா இதை நிறுத்திட்டுப் போய்ப் பாருங்க. டைகோவோட கென்னுக்கு உயிர் ஒரு இழை அளவுதான் பாக்கி. தடுத்தாக்கூட அந்தத் தேய்மானத்துலயே செத்துடுவான். ஜஸ்டினோட சுன்-லி உதைகளை மழையா இறக்குறா. டைகோ 15 அடியையும் ஒண்ணொண்ணா, அது படுற அதே கணத்துல முன்னாடி தட்டி உதறிவிடறார். என் கணிப்புல அதுல முதல் அடி ஊகம், மிச்ச 14-ம் தாளம். அந்த உதைகளோட இடைவெளி அவர் விரலுக்கு மனப்பாடம்.

ரெண்டும் சேரும்னு இதுலயே தெரியுது. எப்படிச் சேர்க்கறதுன்னு மூணு கேம் மூணு விதமா பதில் சொல்லியிருக்கு.

2015-ல் வந்த கிரிப்ட் ஆஃப் த நெக்ரோடான்சர்: பீட்டுக்கு ஒரு அடி எடுத்து வைக்கணும், எதிரிகளும் பீட்டுக்கு ஒரு அடி. செஸ் மாதிரி, ஆனா யோசிக்க அரை விநாடிதான். அருமையான கேம். ஆனா எதிரி கம்ப்யூட்டர். அது ஒரே மாதிரி ஆடும், அதைப் படிச்சு வெச்சுக்கலாம்.

2023 ஏப்ரல்ல வந்த காட் ஆஃப் ராக் நேரடியாவே "ரிதம் ஃபைட்டிங்"னு சொல்லிக்கிட்டு வந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டு வரிசை ஓடும், யார் துல்லியமா தட்டறாங்களோ அவங்க ஆள் அடிப்பான். எனக்கு இது அவ்வளவா ஒட்டல. கண்ணு கீழே நோட்டுல இருக்கு, சண்டை மேலே தானா நடக்குது. ஒரே தட்டுல பிரியாணியும் கேசரியும் பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி. தனித்தனியா ருசி, சேர்த்து ருசி இல்லை.

மூணாவது ஹை-ஃபை ரஷ். 2023 ஜனவரி 25 அன்னைக்கு அறிவிச்சு, அன்னைக்கே வெளியிட்டாங்க. டோக்கியோவில இருக்கிற டாங்கோ கேம்வொர்க்ஸ் பண்ணது. இதோட சூட்சுமம் ஒண்ணு இருக்கு, கேம் பண்ற எல்லாரும் கத்துக்க வேண்டியது: நீங்க பட்டனை எப்போ அமுக்கினாலும் சரி, அடி பீட்டுலதான் விழும். கேம் அனிமேஷனைக் கொஞ்சம் இழுத்தோ சுருக்கியோ அடியை பீட்டுல கொண்டுபோய் உட்கார வெச்சிடும். லேசான அடிக்கு ஒரு பீட், பலமான அடிக்கு ரெண்டு. நீங்களே பீட்டுல அமுக்கினா கூடுதல் பலன், இல்லைன்னா தண்டனை கிடையாது. எதிரிங்க, மரம், விளக்கு எல்லாமே அதே தாளத்துல ஆடுது. தாளம் வராதவனும் தாளத்துல அடிக்கிற மாதிரி உணர்வான்.

2024 ஏப்ரல் பாஃப்டா விழாவில இதுக்கு அனிமேஷன் விருது. அதே மேடையில சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கினது நம்ம வெண்பா. ஒரு மாசம்கூட முடியல, மே 7-ஆம் தேதி டாங்கோவை மூடப்போறதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது. ஆகஸ்ட்ல கிராஃப்டான் எடுத்துக்கிட்டதால தப்பிச்சது. நல்லா பண்ணினா வேலை நிலைக்கும்னு யாராவது சொன்னா, ஒரு கான்ட்ராக்டரா நான் சிரிச்சுக்குவேன்.

விஷயத்துக்கு வரேன். ஹை-ஃபை ரஷ் ஒரு ஆள் ஆடுறது. ரெண்டு மனுஷங்க நேருக்கு நேர் மோதும்போது, நாம முதல்ல கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. எல்லாரும் பீட்டுல அடிச்சா ரகசியம் எங்கே?

இதுக்குப் பதில் உங்கள்ல பாதிப் பேர் சனிக்கிழமை காலையில தூங்கி வழிஞ்சுகிட்டு போன மிருதங்க கிளாஸ்ல, பரதநாட்டிய கிளாஸ்ல இருக்குன்னு நான் நினைக்கிறேன். இங்கே பிரிட்ஜ்வாட்டர்ல பாலாஜி கோவில் பக்கம் போனா, ஒரு கையில தோசையும் இன்னொரு கையில ஆதி தாளமுமா பசங்க நிக்கறதைப் பார்க்கலாம். அந்தக் கையில இருக்கிறது ஒரு ஃபைட்டிங் கேம் என்ஜின்.

கச்சேரில தனி ஆவர்த்தனம் பார்த்திருப்பீங்க. மிருதங்கமும் கடமும், இல்லைன்னா கஞ்சிராவும், மாத்தி மாத்தி வாசிப்பாங்க. அதுல குறைப்புன்னு ஒரு கட்டம். முதல்ல ஒருத்தர் நீளமா வாசிக்க, இன்னொருத்தர் அதே நீளத்துக்குப் பதில் சொல்வார். அப்புறம் அது பாதியாகும், அதுல பாதியாகும், கடைசில ஒவ்வொரு அட்சரமா பந்து மாதிரி பறக்கும். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து மோரா, கோர்வைன்னு முடிப்பாங்க. தாளம் என்னன்னு சபை முழுக்கத் தெரியும். மாமிங்க தொடையில போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஆனாலும் வாசிக்கறவர் எங்கே கொண்டுபோய் இறக்கப்போறார்னு தெரியாம எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. தாளம் பொதுச் சொத்து, கணக்கு அவரோட ரகசியம். இதை அப்படியே சண்டைக்குள்ள கொண்டுவரலாம்.

எப்படின்னு பாருங்க. ஆதி தாளம் 8 அட்சரம். சதுஸ்ர நடையில ஒரு அட்சரத்துக்கு 4 மாத்திரை, மொத்தம் 32. தாளம் திரும்ப ஆரம்பிக்கிற இடம் சமம். நம்ம கேம்ல தாக்குதல்ங்கறது ஒரு தீர்மானம்: ஒரு சொல்லை மூணு தடவை சொல்லணும், நடுவுல ரெண்டு இடைவெளி விடலாம். அந்த இடைவெளிக்குப் பேரு கார்வை. மூணாவது தடவை முடிஞ்ச அடுத்த மாத்திரையில அடி விழும்.

சொல் 'த-தி-கி-ண-தொம்'னு வெச்சுக்குவோம், 5 மாத்திரை. கார்வையே இல்லைன்னா 15 மாத்திரை. ஒவ்வொரு கார்வையும் 1 மாத்திரைன்னா 17, ரெண்டுன்னா 19. சமத்துல இறங்கணும்னா பின்னாலிருந்து எண்ணுங்க. 15-க்கு 17 மாத்திரை கழிச்சுத் தொடங்கணும், 17-க்கு 15 கழிச்சு, 19-க்கு 13 கழிச்சு. சமத்துல சரியா இறக்கினா இரட்டைச் சேதம்.

இப்போ தடுக்கிறவர் நிலைமை. அவருக்கு முதல் சொல் காதுல விழுந்ததும் சொல்லோட நீளம் தெரிஞ்சுடும். இரண்டாவது 'த' கேட்ட கணத்துல கார்வை எவ்வளவுன்னும் தெரிஞ்சுடும். அவ்வளவுதான், கணக்கு முழுசும் கையில. 5-ம் 2-ம்னா இன்னும் 12 மாத்திரையில அடி விழும். கேட்கத் தெரிஞ்சவருக்கு அது தாராளமான நேரம். கேட்காதவர் சமத்துல விழும்னு குருட்டு நம்பிக்கையில அங்கே போய்த் தடுப்பார். அதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிற தாக்குறவர், இரட்டைச் சேதத்தை விட்டுக்கொடுத்து, சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாடியோ பின்னாடியோ இறக்குவார். எதிராளி அடுத்த தடவை ஜாக்கிரதையா இருப்பார். அப்போ சமத்துலயே இறக்கலாம். பார்த்தீங்களா, ஃபைட்டிங் கேமோட ஊகம் திரும்பி வந்துடுச்சு. பீட்டை விட்டு யாரும் வெளியே போகவும் இல்லை.

எங்க அக்கா பையனோட இதைத் திரையே இல்லாம, டைனிங் டேபிளைத் தட்டி ஆடிப் பார்த்தேன். மிருதங்கம் அஞ்சாவது வருஷம் கத்துக்கறான். பத்து ஆட்டத்துல எட்டு அவன் ஜெயிச்சான். எப்படிடா எண்றேன்னு கேட்டேன். "எண்ணல மாமா, முடியப்போற மாதிரி இருந்துச்சு"ன்னான். கச்சேரில தலையாட்டற பாட்டியும் வகுத்தல் கணக்கு போட்டுக்கிட்டா இருக்காங்க? மூணு தடவை வர்ற எதையும் உடம்பு தானா முடிச்சு வெச்சுக்கும். அதனாலதான் கர்நாடக சங்கீதமே தெரியாதவரும் இதை ஆட முடியும்னு எனக்கு நம்பிக்கை. தெரிஞ்சவர் கூடுதலா ஜெயிப்பார். ஜெயிக்கட்டுமே, அஞ்சு வருஷ சனிக்கிழமைக்கு அதுகூட இல்லைன்னா எப்படி?

ரவுண்டுக்குக் குறைப்பையே எடுத்துக்கலாம், 99-லிருந்து இறங்குற கடிகாரம் வேண்டாம். முதல்ல ஆளுக்கு 8 அட்சரம், பிறகு 4, பிறகு 2. தன் முறைக்குள்ள தொடங்கி, முறை முடியற இடத்துக்குள்ள இறக்கணும். 4 அட்சரம்னா 16 மாத்திரைதான். நம்ம 5 எழுத்துச் சொல்லுக்குக் கார்வை விட இடமே இல்லை. உடனே தொடங்கலாம், இல்லை ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கலாம், ரெண்டே வழி. ஒளிஞ்சுக்க இடம் குறையக் குறைய சின்னச் சொல்லுக்கு மாறியாகணும், வேகம் தானா ஏறும்.

இனி கணக்கு. ஃபைட்டிங் கேம் ஆட்கள் 60 ஃபிரேமை விடமாட்டாங்க, விடவும் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே முடிவு வரணும்னா லாஜிக் முழு எண்ல ஓடறது பாதுகாப்பு. நிமிஷத்துக்கு 3600 ஃபிரேம். அதனால ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம்னா 3600-ஐ பிபிஎம்-ஆல் வகுக்கணும். டான்ஸ் பாட்டுக்குப் பிடிச்ச 120-ஐ எடுங்க: பீட்டுக்கு 30 ஃபிரேம், அழகு. நாலா உடைச்சா மாத்திரைக்கு 7.5. அரை ஃபிரேம்னு ஒண்ணு கிடையாது, இங்கேயே இடிக்குது. ஆனா அதே 120-ல் திஸ்ர நடை, அதாவது மூணா உடைச்சா 10. கண்ட நடை, அஞ்சா உடைச்சா 6. ரெண்டும் முழு எண். 90-க்கு வாங்க: பீட்டுக்கு 40, சதுஸ்ரம் 10, கண்டம் 8, திஸ்ரம் மட்டும் 13.33-ன்னு உதைக்குது. 100-ல் சதுஸ்ரம் 9, திஸ்ரம் 12, கண்டம் 7.2. நான் 90-ல் நின்னுட்டேன். மாத்திரைக்கு 10 ஃபிரேம்னா மனசுலயே பெருக்கலாம். மேலே சொன்ன 12 மாத்திரை 120 ஃபிரேம், சரியா ரெண்டு விநாடி.

மிஸ்ர நடை தனிக் கதை. 3600-ஐ 7 வகுக்காது. அதனால நீங்க எந்த முழு எண் பிபிஎம் வெச்சாலும் ஏழு ஏழா உடைக்கிற மாத்திரை ஒருநாளும் முழு ஃபிரேம்ல உட்காராது. ஏழு மேல ஆசை இருக்கிறவங்க ஃபிரேமை விட்டுட்டு ஆடியோ சாம்பிளுக்குப் போயிடுங்க. விநாடிக்கு 48,000 சாம்பிள். 90 பிபிஎம்-ல் ஒரு பீட் 32,000. ஏழா உடைச்சா 4571-ம் சொச்சமும். அந்தச் சொச்சம் விநாடியில 48,000-ல் ஒரு பங்குக்கும் கீழே, எந்த வித்வான் காதுக்கும் எட்டாது. ஒண்ணு மட்டும் கவனிங்க: ரவுண்டு பண்ண எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிட்டே போனா பிழையும் கூடிட்டே போகும். ஒவ்வொரு மாத்திரையையும் பாட்டோட தொடக்கத்துலேர்ந்து பெருக்கி எடுத்து, கடைசியா ரவுண்டு பண்ணுங்க. பகல்ல பேட்ச் ஜாப் எழுதற எனக்கு இது புதுசில்லை, வட்டிக் கணக்குலயும் இதே கதைதான்.

எந்த வழியா போனாலும் எஜமான் கடிகாரம் ஆடியோதான். யூனிட்டியில ஃபிரேம் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பாட்டைத் துரத்தாதீங்க, மெதுவா விலகிடும். டிஎஸ்பி டைம்னு தனிக் கடிகாரம் இருக்கு. அதைப் பார்த்து, பிளே ஷெட்யூல்டு மூலமா ஒலியை முன்கூட்டியே வரிசையில போட்டுடுங்க. படம் அதைப் பின்தொடரட்டும்.

அப்புறம் தாமதம். ஆடியோ பஃபர் 1024 சாம்பிள்னா அதுவே 21 மில்லிவிநாடி, ஒரு ஃபிரேமுக்கு மேல. ஸ்பீக்கர்லேர்ந்து மீட்டருக்கு 3 மில்லிவிநாடி. டிவி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் 100-க்கு மேல எடுத்துக்கும். தடுப்புக்கு நான் விடற சாளரம் முன்னும் பின்னும் 3 ஃபிரேம், அதாவது 50-தான். ஹெட்ஃபோன்லயே ஆட்டம் முடிஞ்சுது. அதனால கேம் தொடங்கும்போது கண்ணை மூடிக் கேட்டுத் தட்டச் சொல்லுங்க, பிறகு சத்தத்தை நிறுத்திப் பார்த்துத் தட்டச் சொல்லுங்க. ரெண்டு அளவையும் தனித்தனியா சேமிங்க. ஒரே எண்ணா வெச்சா ரெண்டுமே தப்பாகும்.

கடைசியா, ஊர்ல இருக்கிற கசினோட ஆடுறது. நியூஜெர்சியிலேர்ந்து சென்னை நேர்கோட்டுல சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஒரு பக்கத்துக்கே 67 மில்லிவிநாடி, 4 ஃபிரேம். கேபிள் நேர்கோட்டுல போறதில்லை, நிஜத்துல கூடத்தான் ஆகும். சாதாரண ஃபைட்டிங் கேம் இதை ரோல்பேக் வெச்சு சமாளிக்குது. டோனி கேனனோட ஜிஜிபிஓ பிரபலமாக்கின வழி: எதிராளி என்ன அமுக்கியிருப்பார்னு ஊகிச்சு ஓட்டிக்கிட்டே போய், தப்பா இருந்தா பின்னாடி போய்த் திருத்தி மறுபடி ஓட்டும். படத்தைத் திருத்தலாம். காதுல விழுந்த 'தொம்'மை எப்படித் திரும்ப வாங்கறது?

இங்கே ஹை-ஃபை ரஷ் சூட்சுமம் கைகொடுக்குது. தீர்மானத்தை ஒரு அட்சரம் முன்னாடியே பதிவு பண்ணணும்னு விதி வெச்சுடுங்க. அமுக்கினதும் சொல், கார்வை, தொடங்குற மாத்திரை மூணும் கிளம்பிடும். 90 பிபிஎம்-ல் ஒரு அட்சரம் 667 மில்லிவிநாடி. அதுக்குள்ள தகவல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ரெண்டு வீட்டிலயும் அந்தந்த வீட்டுக் கடிகாரப்படி, சரியான மாத்திரையில 'த' ஒலிக்கும். தடுப்பை அவரவர் வீட்டிலயே அளந்து முடிவை மட்டும் அனுப்பினா போதும். ஏமாத்தறவன் ஏமாத்துவான், அதுக்கு வேற எபிசோடு.

கோடு எழுதறதுக்கு முன்னாடி இந்த வாரம் இதை மேஜையில ஆடிப் பாருங்க. மூணு பேர் வேணும். ஒருத்தர் ஃபோன்ல மெட்ரோனோமை 90-ல் வெச்சு ஆதி தாளம் போடட்டும். ஒருத்தர் 5, 6, 7 மூணுல ஒரு சொல்லையும், 0, 1, 2-ல் ஒரு கார்வையையும் சீட்டுல ரகசியமா எழுதி வெச்சுக்கிட்டு, எந்த மாத்திரையில வேணா தொடங்கி வாயால சொல்லட்டும். மூணாமவர் அடி விழற இடத்துல ஒரே ஒரு தட்டுதான் தட்டலாம். ஒரு வசதிக்கு: மூணு மடங்கு சொல், கூட ரெண்டு மடங்கு கார்வை. தட்டின பிறகு சீட்டைப் பிரிச்சுப் பாருங்க. வீட்ல பாட்டி இருந்தா மூணாமவரா அவங்களை உட்கார வெச்சுப் பார்த்துட்டு, என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடறேன்.